இணையத்தில் தேடச் சொல்வதா, வெப்குவெஸ்ட் கொடுப்பதா?

“புளூட்டோவைப் பற்றி இணையத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சொன்னால் என்ன வரும்? முதலில் கண்ணில் பட்ட பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய நான்கு பத்திகள் வரும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டது தகவல், அவர்கள் கொடுத்ததும் தகவல். பாடமே புதிதாக இருக்கும்போது எதைத் தேடுவது, எதை விடுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வழிகாட்டல் குறைந்தால் புதிதாகக் கற்பவர்கள் திணறுவார்கள் என்று கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வாதிட்டது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு வழி தகவல் வேட்டை: பத்துக் கேள்விகள், கூடவே சில இணைப்புகள். புளூட்டோவைக் கண்டுபிடித்தவர் யார், எப்போது? கிளைட் டோம்பா, 1930. ஒரே பீரியடில் முடிந்துவிடும், திருத்துவதும் எளிது. பாடத்தைத் தொடங்கும்போது இது போதும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம். பக்கத்தைப் படிக்காமலே ஆண்டை மட்டும் பொறுக்கி எழுதிவிடலாம்.

வெப்குவெஸ்ட் என்பது ஒரு பணியைக் கொடுத்து, இணையப் பக்கங்களைப் படித்து அதை முடிக்க வைக்கும் பாட வடிவம். இதை 1995இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து உருவாக்கினார். அறிமுகம், பணி, செய்முறை, மதிப்பீடு, முடிவுரை என்று அது நகரும். படிக்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தேர்ந்து கொடுப்பார். இதன் உயிர் அந்தப் பணியில்தான் இருக்கிறது. 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்தது. அது சரியா என்று மூவர் குழு தீர்ப்பு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கோளுக்கான மூன்று நிபந்தனைகளைப் படிக்கிறார். மற்றொருவர் 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட ஈரிஸ் என்ற குறுங்கோளைப் பார்க்கிறார். மூன்றாமவர் 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்பிய படங்களைப் பார்க்கிறார். தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தில் உள்ள மற்ற பொருள்களை அகற்றித் துப்புரவாக்காததால் புளூட்டோ மூன்றாவது நிபந்தனையில் தோற்றது. அந்த நிபந்தனை நியாயமா என்று மூவரும் வாதிடத் தொடங்கும்போதுதான் வகுப்பு உண்மையில் யோசிக்கிறது. எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணமும் அதுவே.

குறைகளும் இருக்கின்றன. தயாரிக்க நேரம் பிடிக்கும், இணைப்புகள் சில மாதங்களில் செத்தும் போகலாம். ஈரிஸைப் படித்தவருக்கு ஈரிஸ் மட்டும்தான் தெரியும். எனவே தீர்ப்புக்கு முன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வைக்க வேண்டும். இப்போது ஏஐ சாட்பாட்டே தீர்ப்பை எழுதித் தந்துவிடும் என்பதால், குழு வாய்மொழியாகவும் தன் தீர்ப்பைக் காக்க வேண்டும்.

பெரிய குறை வேறு. வடிகட்டிய பக்கங்களை மட்டுமே பார்த்துப் பழகியவருக்குச் சந்தேகப்படத் தெரியாது. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருவதாகச் சொல்லும் போலித் தளம் ஒன்று 1998இல் உருவானது. பார்க்க உண்மையான தளம் போலவே இருக்கும்.

ஆகவே என் தேர்வு வெப்குவெஸ்ட்தான், ஆனால் கடைசிச் சுற்றை மட்டும் திறந்துவிடுவேன்: ஒவ்வொரு குழுவும் பட்டியலில் இல்லாத ஒரு பக்கத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அதை ஏன் நம்பலாம் என்று தீர்ப்போடு சேர்த்து எழுத வேண்டும்.