டெல்லில பச்சோந்தி வச்சிருக்கறவங்க உஷார், எனக்கு 12,800 ரூபாய் போச்சு

வீடியோ கால்லயே டாக்டர் பாப்பாரு, மருந்து வீட்டுக்கே வரும்னு விளம்பரம் பண்ற வளர்ப்புப் பிராணி ஆப் ஒண்ணு. பேர் போடல, போட்டா நோட்டீஸ் வரும்னு மெரட்டி வச்சிருக்கான்.

முதல்ல ஒண்ணு, கமெண்ட்ல சட்டம் பேச வராதீங்க. நம்மூர் பச்சோந்தியப் பிடிக்கறதே 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம்னு எனக்கும் தெரியும். எங்க பஞ்சவர்ணம் ஏமன் பக்கத்து வெளிநாட்டுப் பச்சோந்தி, வெய்ல்ட் கமேலியன்னு பேரு, மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியாச்சு.

இந்த ஜனவரி குளிர்ல அது பட்டப்பகல்ல கண்ண மூடிக்கிட்டு கிடந்துச்சு, கிளைய விட்டு இறங்கி கூண்டுத் தரையில உக்காந்துருச்சு, பூச்சி காட்டினா நாக்கு பாதிதான் வெளிய வருது, எச்சத்துல வெள்ளையா வர வேண்டியது ஆரஞ்சா வருது. மயூர் விஹார்ல நாய்க்கு நாலு டாக்டர் இருக்காங்க, இதத் தொடவே பயப்படறாங்க. அதான் ஆப்.

கால்ல வந்தவரு என் ஹிந்திய கேட்டுட்டு "நீங்க தமிழாண்ணே? எனக்கு வேலூர்"னாரு. அவ்ளோதான், மனசு இளகிருச்சு. இந்த ஊர்ல உடம்பு சரியில்லாத ஜீவன மடியில வச்சிக்கிட்டு இருக்கறப்ப ஒருத்தன் அண்ணேன்னு கூப்ட்டா எவன்தான் சந்தேகப்படுவான்? "ஒண்ணும் இல்லண்ணே, ஹைபர்நேஷன், குளிர்ல இப்படித்தான் தூங்கும், கூண்டுல இருக்கற பழைய டியூப் விளக்க கழட்டிட்டு நம்ம பல்ப போடுங்க, தண்ணி குடிக்கலன்னா சிரிஞ்ச்ல வாய்க்குள்ள அடிங்க." பல்பு, கால்சியம் டிராப்ஸ், ஃபாலோ-அப் எல்லாம் சேத்து விண்டர் பேக்கேஜ் 12,800. யூபிஐல உடனே அனுப்பினேன்.

அதுக்கப்புறம் அந்த வேலூர்க்காரர் லைன்லயே வரல. கால் சென்டர்ல ஒரு பையன், "டென்ஷன் மத் லீஜியே சார்", அதாவது டென்ஷன் ஆகாதீங்களாம். வாயத் திறந்து தலைய மேல தூக்கி மூச்சு விடுது, மூக்குல நுரைன்னு வீடியோ அனுப்பினா "டிக்கெட் ரெய்ஸ் ஆயிருச்சு". அடுத்த நாள் அந்த டிக்கெட்டும் குளோஸ்டு! ரீஃபண்ட் கேட்டா பல்ப பிரிச்சிட்டீங்களாம், பாலிசில இல்லையாம். பிரிக்காம பல்ப எப்படி சார் மாட்றது?

கடைசில ஊர்வன பாக்கற டாக்டரம்மா ஒருத்தங்க குர்கான்ல கிடைச்சாங்க. எக்ஸ்ரேல எலும்பு நிழல் மாதிரி தெரியுது, தாடைய லேசா அமுக்கினா வளையுது. அந்த பல்ப மாட்டி அடியில யுவி (வெயில்ல இருக்கற புறஊதாக் கதிர்) அளக்கற மீட்டர வச்சாங்க, பூஜ்யம். வெறும் நீலக் கலர் பல்பு! ஏற்கனவே கால்சியம் கம்மி, யுவிபிங்கற அந்தக் கதிர் வகை இல்லாம உடம்புல வைட்டமின் டி3 ஊறாது, டி3 இல்லாம எவ்ளோ டிராப்ஸ் ஊத்தினாலும் எலும்புல சேராதுன்னாங்க. சிரிஞ்ச் தண்ணி நுரையீரலுக்குள்ள போயிருக்கலாமாம், நிமோனியா. ஹைபர்நேஷன்னு சொன்னதும் சிரிச்சிட்டாங்க, ஏமன் பச்சோந்திக்கு அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. 12,800 குடுத்து நானே வியாதிய வீட்டுக்கு வரவழைச்ச மாதிரி ஆக்கிட்டானுங்க.

டிப்ஸ் விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன், நேரம் இல்ல. பகல்ல கண்ணு மூடியிருந்தாலே அவசரம், நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. கண்ணு உள்ள போயிருந்தா, எச்சம் ஆரஞ்சா இருந்தா தண்ணி பத்தல, இலை மேல ஸ்ப்ரே பண்ணுங்க, வாய்க்குள்ள அடிக்காதீங்க. சூட்டு விளக்குக்கு அடியில வாயத் திறந்தா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம், விளக்க விட்டுத் தள்ளி வந்தும் திறந்துகிட்டே இருந்தா நெஞ்சு சளி. கலர் பல்பு எதுவும் யுவிபி இல்ல, யுவிபி டியூப்தான் வாங்கணும், ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலும் உதவாது, அதுலயும் டெல்லி பனிமூட்டத்துல வெயிலே எங்க?

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயிண்ட் போட்டிருக்கேன். 12,800 வருதோ இல்லையோ, ஊசி டைம் ஆச்சு, கெளம்பறேன். அந்த ஆப் எதுன்னு இன்பாக்ஸ்ல கேளுங்க, சொல்றேன்.