எடைப் போர்வை: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஆட்டிசம் உள்ள எங்கள் 8 வயது மகன் இரவு 11 மணிக்கு முன் கண்ணயர்ந்ததே இல்லை. அயர்ந்தாலும் 2 மணிக்கு எழுந்து விடியும்வரை அறைக்குள் நடந்துகொண்டிருப்பான். அந்தத் தவிப்பில்தான், சிறு கண்ணாடி மணிகளை நிரப்பிக் கட்டம் கட்டமாகத் தைத்த இந்தப் போர்வையை வாங்கினோம்.

இப்போது அவன் அதைத் தானே கழுத்துவரை இழுத்துக்கொண்டு, துணிக்குள் உருளும் மணிகளை விரல்களால் நெருடியபடியே அமைதியாகிவிடுகிறான். படுக்கப்போகும் நேரத்து அழுகை பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் நான் நாள்தோறும் எழுதிவரும் தூக்கக் குறிப்பேட்டின்படி, அவன் தூங்கும் நேரம் கூடவில்லை, நள்ளிரவில் எழுவதும் நிற்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வும் ஏறத்தாழ இதையே கண்டது: தூக்க நேரம் கூடவில்லை, ஆயினும் குழந்தைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட இதையே விரும்பினர். ஆகவே, ‘ஆழ்ந்த உறக்கம் உறுதி’ என்று உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட வருத்தம் தருவது, எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் ஒதுக்கியிருப்பதுதான். கட்டுப்படாத வலிப்போ மூச்சுச் சிக்கலோ உள்ள குழந்தைக்கும், பெருமூளை வாதத்தால் போர்வையைத் தானே விலக்க இயலாத குழந்தைக்கும் இது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

மூன்றாம் மாதத்தில் ஓரத் தையல் பிரிந்து மணிகள் மெத்தையில் சிதறின. எதையும் வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில், வாரம் ஒருமுறையாவது தையலைத் தடவிப் பாருங்கள்.