விலக்கில் தவறிப்போகும் ஐந்து நிமிடம்: ஆறு வருட பஸ் பயண அனுபவம்

நகரத்தில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து, ஊர்ச் சாலை மெயின் ரோட்டில் சேரும் விலக்கு வரை 5 கிலோமீட்டர் மினி பஸ், அங்கிருந்து 18 கிலோமீட்டர் டவுன் பஸ். 2019 முதல், ஊரடங்கு மாதங்கள் நீங்கலாக, வாரத்தில் ஆறு நாளும் இதே பாதைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். அதுவரை மாதம் அறுநூறு, எழுநூறு ரூபாய் டிக்கெட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணம் இன்று அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு ஆகிறது. இந்தத் திட்டத்தை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அந்தச் சலுகை டவுன் பஸ்ஸோடு முடிந்துவிடுகிறது. மினி பஸ் தனியாருடையது, டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் புறநகர் பஸ்ஸில் ஏற வேண்டும், அதற்கும் காசு. அது எங்கள் விலக்கில் நிற்பதும் இல்லை. அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, இறங்கித் திரும்பி நடக்க வேண்டும்.

காலையில் 8.10க்கு ஒரு பஸ், 8.15க்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகின்றன. அதை விட்டால் 9.40 வரை எதுவும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் முதல் வண்டியின் படியில் தொங்குகிறார்கள், பின்னால் வருவது பாதி காலியாகப் போகிறது.

மாலைதான் பெரும்பாடு. மினி பஸ்ஸின் கடைசி நடை விலக்கிலிருந்து 7.30க்குக் கிளம்புகிறது. டவுன் பஸ் வந்து சேர்வது 7.35க்கு. எத்தனையோ நாள் நான் படியிலிருந்து இறங்கும்போது மினி பஸ்ஸின் சிவப்பு விளக்கு கண்மாய்க்கரை வளைவில் மறைந்திருக்கிறது. அப்புறம் ஆட்டோவுக்கு 100 ரூபாய். மாதத்தில் ஏழெட்டு முறை இப்படி ஆகிவிட்டால், டவுன் பஸ்ஸில் மிச்சமானது மொத்தமும் அதற்கே சரி. ஆட்டோவும் கிடைக்காத நாளில் தம்பி சைக்கிளில் வரும்வரை மூடிய டீக்கடை வாசலில் நிற்பேன். அங்கே விளக்குக் கம்பம்கூடக் கிடையாது.

இடையில் ஒரு வருடம் இந்தக் கஷ்டம் இல்லை. அப்போதிருந்த டவுன் பஸ் டிரைவர் அண்ணன், ஓடைப் பாலம் ஏறும்போதே ஹாரனை நீளமாக அடிப்பார். மினி பஸ்காரர் அதைக் கேட்டு நிறுத்தி வைப்பார். அந்த அண்ணன் வேறு தடத்துக்கு மாறிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இரண்டு பேர் மனது வைத்தால் நடக்கிற காரியம் நேர அட்டவணையில் ஏன் ஏறவில்லை?

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தேன். விசாரித்ததில் புரிந்தது இதுதான்: மினி பஸ்ஸின் நேரம் அதன் பெர்மிட்டோடு போக்குவரத்து அலுவலகத்தில் முடிவாகிறது, டவுன் பஸ்ஸின் நேரம் டெப்போவில் முடிவாகிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியபோது மிகவும் நம்பினேன். எங்கள் பக்கம் இன்னும் புது வண்டி வரவில்லை. வந்தாலும் டவுன் பஸ் வரும் நேரத்தைப் பார்த்து விடாவிட்டால் இதே கதைதான். மூன்றாவது மனுவில் புது வண்டி கேட்கவில்லை. கடைசி நடையை 7.45க்குத் தள்ளி வையுங்கள் என்று மட்டும் எழுதி, விலக்கில் இறங்கும் பதினான்கு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வரும் திங்கள் கொண்டுபோகிறேன்.