எப்சிபாவா, பியூலாவா?

தம்பி பொண்ணுக்கு பேர் வைக்கணும்னு வீட்ல ஒரு மாசமா பேச்சு, கடைசில எப்சிபா, பியூலான்னு ரெண்டு பேர்ல வந்து நிக்குது. ரெண்டும் பைபிள்ல ஏசாயா 62:4ல ஒரே வசனத்துல வர்றதால எதை வெச்சாலும் ஒண்ணுதான்னு அம்மா சொல்றாங்க. எனக்கு அப்படி தோணல.

வசனத்தை மெதுவா படிங்க, "நீ எப்சிபா என்றும், உன் தேசம் பியூலா என்றும் சொல்லப்படும்". நிலத்துக்கு ஒரு பேர், ஒரு பொண்ணா பாவிச்சுப் பேசுற எருசலேமுக்கு ஒரு பேர்.

பியூலான்னா எபிரேயத்துல கல்யாணம் ஆனவ. பாகால்ங்கிற சொல்லோட அதே வேர், எஜமான், சொந்தக்காரன், புருஷன் மூணுக்கும் அந்த ஒரே சொல்தான். பாழா கிடந்த தேசத்துக்கு அது பெரிய ஆறுதல், ஆனா தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கு? ரபிமார், அதாவது யூத மத குருமார், எழுத்துல அது கன்னி இல்லாதவளைக் குறிக்கிற சட்டச் சொல்லாவும் ஆகிடுச்சு, அதனால யூதர்கள் பொண்ணுக்கு இந்தப் பேர் வைக்கிற வழக்கமில்ல. ஜான் பனியன் எழுதின மோட்சப் பிரயாணம்ங்கிற கிறிஸ்தவக் கதையில (1678) பியூலா தேசம் வருதுல்ல, இங்கிலீஷ் பேசுற புராட்டஸ்டன்ட் வீடுகள்ல புழங்கின பேர் இது, நம்ம சபைகள்லயும் நிறைய பியூலாக்கள் இருக்காங்க, கேட்கவும் இனிமையாத்தான் இருக்கு.

எப்சிபா ஒரு முழு வாக்கியம். ஹெஃப்சின்னா என் பிரியம், பான்னா அவ மேல. அந்தப் பேர்ல நிஜமாவே ஒருத்தி வாழ்ந்திருக்கா, எசேக்கியா ராஜாவோட மனைவி, மனாசேயோட அம்மா (2 இராஜாக்கள் 21:1). மனாசே 12 வயசுல பட்டத்துக்கு வந்து 55 வருஷம் ஆட்சி பண்ணினவன், எருசலேமையே கெடுத்தவன், அதான் பெரியம்மா "அவனைப் பெத்தவ பேரா"ன்னு முகம் சுளிக்கிறாங்க. ஆனா வேதத்துல அவளைப் பத்தி ஒரு குறை சொல்லல, வேதத்துலயே நாளாகமம்ங்கிற இன்னொரு புத்தகத்துல அதே மகன் கதை வர்ற இடத்துல அவ பேரையே விட்டுட்டாங்க, எனக்கு அது மனசுக்கு கஷ்டமா இருக்கும். பிள்ளை செஞ்சதுக்கு அம்மா பேர் ஏன் மறையணும்?

அதுக்கு பதில் மாதிரி, 7ஆம் நூற்றாண்டுல எழுதின செருபாபேல் புத்தகம்னு ஒரு எபிரேய நூல்ல மேசியாவோட அம்மா பேரே எப்சிபாதான், ஆரோன், மோசே கையில இருந்த கோலை வாங்கிட்டு போய் ரெண்டு ராஜாக்களை வீழ்த்துறா. இன்னிக்கும் இஸ்ரேல்ல கில்போவா மலை அடிவாரத்துல ஹெஃப்சிபான்னு ஒரு கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணை கிராமம்) இருக்கு, 1922ல ஆரம்பிச்சது, 1928ல வாய்க்கால் வெட்டுறப்போ கண்டுபிடிச்ச பெயித் அல்ஃபாங்கிற பழைய யூத ஜெப ஆலயத்து மொசைக் தரை அங்கதான் இருக்கு.

என் ஓட்டு எப்சிபாவுக்கு, கூப்பிட எப்சி. எபிரேயத்துல முதல் எழுத்து ஹ மாதிரி தொண்டையில இருந்து வரும், தமிழ் வேதத்துல எ போட்டிருக்கு, ரெண்டும் சரிதான், ஆனா பிறப்புச் சான்றிதழ்ல எதை எழுதுறீங்களோ அதையே ஆதார்லயும் ஸ்கூல்லயும் எழுதுங்கன்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்.