விலை இறங்கிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் என் பத்தடி அறையும்

40 ஆயிரத்துக்கு நான் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி இப்போது 27 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. "அண்ணே, நீங்கதான் வச்சிருக்கீங்களே, வாங்கிரலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கேட்டவருக்குத் தெரியும். கீழ் ஒலிகளுக்கு ஆறரை இஞ்ச் ஊஃபர், மேல் ஒலிகளுக்கு சில்க் டோம் ட்வீட்டர், பெட்டியின் பின்பக்கம் போர்ட் என்கிற காற்றுத் துளை. மற்ற விவரமெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும்.

குரல் விஷயத்தில் இந்த ஸ்பீக்கரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்ல கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், உட்கார்ந்த உயரத்திலேயே இருக்கிறார். தம்பூராவின் பஞ்சமம் பின்னால் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். வயலினின் மேல் ஸ்தாயி காதைக் குத்தாது. இதைவிட இரண்டு மடங்கு விலைக்கு விற்பவற்றையும் கேட்டிருக்கிறேன். குரலில் இதற்குக் கீழேதான்.

இனி பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி. என் பிராணனை வாங்கியது அதுதான்.

அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய வீடு என்பதால் கூரையும் பத்தடி. பன்னிரண்டடிச் சுவரில் ஸ்பீக்கர், எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. கதவும் பீரோவும் இருந்த இருப்பில் வேறு எப்படியும் வைக்க வழியில்லை. எண்பதுகளின் திரைப்பாட்டு எதைப் போட்டாலும் பேஸ் கிதாரில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் பூதம் மாதிரி எழும். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் பீரோவின் கைப்பிடி கடகடவென்று ஆடும். அடுத்த ஸ்வரத்தில் சத்தம் அடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், கும்கி என்கிற இழுவை நாதம் வந்தால் பாதியில் திடீரென்று வீங்கும்.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் அரை அலைநீளம் சரியாக அடங்குகிற அதிர்வெண்ணில் அறையே சேர்ந்து ஒலிக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். 349-ஐ 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் ஏ தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 55. கிட்டத்தட்ட அதே இடம்! போதாததற்கு என் அறையில் ஸ்பீக்கர் பக்கச் சுவருக்கும் சோபா பக்கச் சுவருக்கும் நடுவிலும் பத்தடி, தரைக்கும் கூரைக்கும் நடுவிலும் பத்தடி. இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் கைகோத்துக்கொண்டன. சுவரை ஒட்டித்தான் இந்த அலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். என் தலை இருந்ததும் அங்கேயேதான்.

திரைச்சீலை போடு என்பார்கள். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டர். துணியை அது சட்டை செய்யாது. கிரானைட் தரையில் பவானி ஜமுக்காளம் விரித்ததில் கைதட்டினால் வரும் எதிரொலி போனது, குரல் இன்னும் தெளிந்தது. பேஸ் அப்படியே இருந்தது. கடப்பா கல்லை அடுக்கி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்ட் செய்தேன். அதிலும் குரலுக்குத்தான் லாபம்.

என் கோபமெல்லாம் தயாரித்தவர்கள் மேல்தான். போர்ட் பின்னால் இருப்பதால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கச் சொல்கிறது கையேடு. பத்தடி அறையில் இரண்டடியை ஸ்பீக்கருக்குப் பின்னால் விட்டுவிட்டு மனிதர் எங்கே நடப்பது? சில நிறுவனங்கள் போர்ட்டை அடைக்க ஒரு ஃபோம் அடைப்பானாவது பெட்டியில் போட்டுத் தருகின்றன. இவர்கள் அதையும் தரவில்லை. ஒரு பழைய காலுறையைச் சுருட்டிப் போர்ட்டில் திணித்த பிறகுதான் வீக்கம் பாதி வடிந்தது.

அடுத்தது எட்ஜ். ஊஃபர் கோனைச் சுற்றியிருக்கும் வளையம் இதில் பாலியூரித்தேன் ஃபோம். ஈரப்பதம் அதை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும் என்பது ஸ்பீக்கர் செய்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. திருவான்மியூர்க் கடல்காற்றில் அது என்ன பாடுபடும்? ஒருநாள் விரலால் தொட்டேன், பிசுபிசுவென்று பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. சர்வீஸ் சென்டரில், "எட்ஜ் மட்டும் மாத்த மாட்டோம் சார், ஊஃபரையே ஜோடியா மாத்தணும்" என்று 18 ஆயிரம் சொன்னார்கள். இந்த ஊரில் விற்கிற பொருளுக்கு ரப்பர் எட்ஜ் போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பெரியவர் எட்ஜை மட்டும் மாற்றிக் கொடுத்தார். கோனின் நடுவிலிருக்கும் மூடியான டஸ்ட் கேப்பை பிளேடால் அறுத்தெடுத்தார். கோனை ஆட்டுகிற கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சுற்றிய இடுக்கில் பிலிம் துண்டுகளைச் செருகி, காயில் காந்தத்தில் உரசாதபடி நடுவில் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் புது ரப்பர் எட்ஜை ஒட்டினார். பசை காய்ந்ததும் துண்டுகளை உருவிவிட்டு, கோனை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தி, காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. நன்றாக இருந்த இன்னொன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னார். சரியான யோசனை, இல்லையென்றால் இரண்டும் இரண்டு விதமாகப் பேசும்.

அதே சமயத்தில் பீரோவும் வேறு அறைக்குப் போனது. ஸ்பீக்கரைப் பத்தடிச் சுவருக்கு மாற்றினேன். இப்போது நான் கேட்பது பன்னிரண்டடி நீளவாக்கில். நீளத்தின் அதிர்வு 48 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. பத்தடி அகலத்தின் அதிர்வு நடுக்கோட்டில் அடங்கிவிடும், நான் உட்கார்வதும் அங்கேதான். மிச்சமிருப்பது கூரை ஒன்றுதான். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்துப் போட்டேன். அறையின் நட்டநடுவே போனால் நீளவாக்கு அதிர்வு அறவே செத்து, பேஸ் சோகையாகிவிடும்; மூன்றடிதான் கணக்கு. பேஸ் கிதாரின் நடை முதல் முறையாக ஸ்வரம் ஸ்வரமாகக் கேட்டது. அன்று இரவு வெகுநேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் என் பதில், வாங்க வேண்டாம். சின்ன அறைக்குப் போர்ட் இல்லாத மூடிய பெட்டிதான் பொருத்தம். பிபிசி 1970-களில் எல்எஸ்3/5ஏ என்ற குட்டி மானிட்டர் ஸ்பீக்கரை வடிவமைத்தது வெளிப்புற ஒலிபரப்பு வேன் மாதிரி நெருக்கடியான இடங்களுக்கு. அது மூடிய பெட்டி, ஏறக்குறைய ஐந்து இஞ்ச் ஊஃபர். பேஸ் அடியாழம் வரை போகாது, ஆனால் போகிற வரைக்கும் மெதுவாகச் சரிந்து இறங்கும். குறையை அறை கொஞ்சம் நிரப்பிக்கொடுக்கும். 27 ஆயிரம் கையில் இருந்தால் மூடிய பெட்டியோ, முன்பக்கம் போர்ட் உள்ளதோ, ரப்பர் எட்ஜ் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். என் ஜோடியை நான் விற்பதாக இல்லை; அந்தக் குரலுக்காக வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் தம்பி, உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.