நெட் பாட் துளைக்கு எந்தக் கருவி? ஹோல் சா நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மண்ணில்லாமல் நீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில், செடியைத் தாங்கும் வலைக்கிண்ணம்தான் நெட் பாட். பிவிசி குழாயில் அது உட்காரத் துளை போட ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: சூடேற்றிய தகர டப்பா, சால்டரிங் அயர்ன், ஸ்பேட் பிட், மரவேலைக்கான மலிவு ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் வளைய ரம்பம்) செட், இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த பைமெட்டல் ஹோல் சா. நெடுநாள் புழக்கத்தில் நின்றது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். பதினோரு அளவு அடங்கிய பெட்டியைவிட, தேவையான ஒரே அளவில் ஒரு பைமெட்டல் ஹோல் சாவும் அதை டிரில்லில் மாட்டும் தண்டான ஆர்பரும் வாங்குவது மேல்.

சூடு வைக்கும் முறையை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடுங்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண்ணும் தொண்டையும் எரியும். விளிம்பும் கட்டி கட்டியாகத் தடித்துப்போய், பாட் சாய்ந்து உட்காரும்.

மலிவு செட்டில் எல்லா வளையங்களும் ஒரே தட்டின் பள்ளங்களில் செருகி நிற்கும். சுற்றும்போது லேசாக ஆடும். அந்த ஆட்டத்தில் 51 மி.மீ. வளையம் 53 வரை அகட்டிவிடும். நாலைந்து துளைக்குப் பரவாயில்லை. பாட்டின் விளிம்பு குறுகலாக இருந்தால் அந்த 2 மி.மீ. போதும், பாட் உள்ளே விழுந்துவிடும்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் ‘2 இஞ்ச்’ வெறும் பெயர். பாட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, உடல் தொடங்கும் இடத்தில் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து, அதோடு அரை முதல் ஒரு மி.மீ. கூட்டுங்கள். ஒரே கடையில் அடுத்த முறை வாங்கும் பாட் வேறு அளவில் வரலாம். அதனால் பாட்டை மொத்தமாக வாங்கிய பிறகே ஹோல் சா வாங்கவும். முதல் துளை எப்போதும் துண்டுக் குழாயில்தான்.

குறியிடும்போது குழாயின் மேல் நீளமான எல் ஆங்கிள் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அது தானாகவே குழாயின் அச்சுக்கு இணையாகப் படியும். அதன் ஓரமாகக் கோடு இழுத்தால் போதும். கண்மதிப்பில் இழுத்த கோடு மூன்று மீட்டரில் கட்டாயம் முறுகும், செடிகள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். லெட்யூஸுக்கு 20 செ.மீ. இடைவெளி. மூன்று மீட்டர் குழாயில் இரு முனையிலும் 20 செ.மீ. விட்டால் 14 துளை வரும்.

வெட்டுவதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். பிவிசி 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வயர் டிரில் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடும். அதில் ஹோல் சா மாட்டினால் வெட்டுவதற்குப் பதில் உருக்கும். 300 முதல் 500 சுற்று போதும், ஹேமர் மோடு அணைந்திருக்க வேண்டும். கார்ட்லெஸ் டிரில்லின் முதல் கியர் இதற்கென்றே அமைந்தது. தூள் உதிரியாகக் கொட்டினால் வேகம் சரி. பல்லில் அப்பிக்கொண்டால் வேகமோ அழுத்தமோ அதிகம்: நிறுத்தி, ஆறவிட்டு, பித்தளை பிரஷால் பல்லைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடரவும்.

குழாயின் வளைவும் பாடாய்ப் படுத்தும். 110 மி.மீ. குழாயில் 51 மி.மீ. துளை என்றால், முதுகில் பல் பட்ட பிறகு பக்கங்களைத் தொட ஏறக்குறைய 6 மி.மீ. கீழே இறங்க வேண்டும். 75 மி.மீ. குழாயில் அதுவே 10 மி.மீ. அதுவரை பல் விட்டுவிட்டுத்தான் கடிக்கும், டிரில் உதறும், மணிக்கட்டை முறுக்கும். குழாயை இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறுக்கிவிட்டு, டிரில்லின் பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டிக்கொண்டு, அழுத்தாமல் டிரில்லின் எடையிலேயே இறக்குங்கள். துணிக் கையுறை வேண்டாம், சுழலும் கருவி இழுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பழைய குழாய் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டிருக்கும். அந்தக் குழாயிலும் மெல்லிய டப்பா மூடிகளிலும் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டி முதலில் ஒரு பள்ளம் எடுத்துக்கொண்டு, பிறகு நேராகச் சுற்றினால் விளிம்பு சிதறாது. டப்பா மூடி என்றால் அடியில் பிளைவுட் வைத்து சி கிளாம்ப் போடுங்கள். டப்பாவின் அடியில் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோண எண்ணையும் பாருங்கள்: 2, 5 இரண்டும் ஒத்துழைக்கும், 6 என்றால் பாலிஸ்டைரீன், கண்ணாடி மாதிரி கீறல் விடும்.

பிவிசியில் பைமெட்டல் பல் தேய்வது அபூர்வம். தொல்லை வருவது ஆர்பரில். நடுவில் நின்று வழிகாட்டும் பைலட் பிட்டைப் பிடிக்கும் சிறு திருகு அதிர்வில் தளர்ந்து, பிட் மேலே ஏறிவிடும், மையம் தவறும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒருமுறை ஆலன் கீயால் இறுக்கிக்கொள்ளுங்கள். 32 மி.மீ.க்கு மேற்பட்ட ஹோல் சாவுக்கு இரண்டு பின் (சிறு முளை) உள்ள ஆர்பர் வரும். அந்த முளைகள் ஹோல் சாவின் துளைகளில் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்காமல் ஓட்டினால் மரை இறுகி, பிறகு பைப் ரெஞ்ச் இல்லாமல் கழற்ற முடியாது. வெட்டுப்பட்டு ஹோல் சாவுக்குள் சிக்கும் வில்லையைப் பக்கத்துப் பிளவு வழியாக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும்.

துளையின் உள்பக்கப் பிசிறை அரைவட்ட அரத்தாலும் 120 நம்பர் உப்புத்தாளாலும் எடுத்துவிடுங்கள். விட்டால் பாட்டை எடுக்கும்போது வேர் அதில் மாட்டிக் கிழியும். தூள் நிலைமின்னால் குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், தட்டினால் போகாது. தண்ணீர் பாய்ச்சிக் கழுவாவிட்டால் நேரே பம்பின் இம்பெல்லருக்குத்தான் போகும்.

கிரோமெட் (துளையில் பொருத்தும் ரப்பர் வளையம்) துளைக்கு ஹோல் சா வேண்டாம், படிப்படியாக அகலும் கூம்பு பிட்டான ஸ்டெப் டிரில்தான். கிரோமெட்டின் பள்ளத்தில் உள்ள விட்டத்தை அளந்து அந்தப் படியில் நிறுத்துங்கள். படிக்கு நேராக டேப் சுற்றிவைத்தால் தாண்டிப் போகாது. விளிம்பில் ஒரு கீறல் இருந்தாலும் அங்கே நீர் கசியும்.

போட்ட துளை சிறிதாகிவிட்டால் பைலட் பிட்டுக்குப் பிடிமானம் இருக்காது. பெரிய ஹோல் சாவால் ஒரு பிளைவுட் துண்டில் துளை போட்டு, அதைக் குழாயின் மேல் மையம் பார்த்து கிளாம்ப் செய்யுங்கள். பைலட் பிட்டைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையையே வழிகாட்டியாக வைத்து வெட்டலாம்.