மாடியில் சோலார் போடப் போகிறீர்களா? கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்

கடலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு மாதங்கள் ஓடிவிட்டன. லைனுக்கு நாம் கொடுப்பதையும் எடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டர் வந்து மின்சாரமும் ஓடுகிறது. ஆனால் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வரவேண்டிய 78,000 ரூபாய் மானியம் வரவில்லை. போட்டுக் கொடுத்த நிறுவனம் போனையே எடுப்பதில்லை. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக்கும் இதே கதிதான், அதனால் எழுதுகிறேன்.

மானியம் கிடைக்க பேனலை இங்கே செய்திருந்தால் மட்டும் போதாது. அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் ‘செல்’ என்ற சில்லுகளும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்பது இதைத்தான். வெளிநாட்டுச் செல்லை வைத்து இங்கே பேனலாக்கினால் விலை குறைவு, ஸ்டிக்கரிலோ ‘மேட் இன் இந்தியா’ என்றே போடலாம். எங்கள் கொட்டேஷனில் டிசிஆர் என்று எழுதி, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டு, மாடியில் ஏற்றியது அந்த மலிவு வகை. மானியப் பேச்சை எடுத்தாலே “ஆபீஸில் பெண்டிங்” என்று இழுத்தார்கள். பேனல் தயாரிப்பாளருக்கே சீரியல் எண்களை அனுப்பிக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

அப்புறம் அந்த நிழல். எங்கள் வீட்டில் மாடிப்படி அறையும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும் கன்னி மூலையில் இருக்கின்றன, இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான். கிழக்குப் பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்க, கேபிள் செலவை மிச்சம் பிடிக்கப் படிக்கு ஒட்டியே பேனல்களை நிறுத்திவிட்டார்கள். மதியம் தாண்டினால் தொட்டியின் நிழல் இரண்டு பேனல்மேல் விழும். பேனல்கள் வரிசையாகக் கோத்தவை என்பதால் நிழல்பட்ட பேனல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரவேண்டிய இடத்தில் 8 வந்தால் பெரிது.

இதைவிட எனக்குக் கோபம், “கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் எரியும்” என்று சொல்லி விற்றதில். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. அந்தப் பேச்சு எங்களிடம் எடுபடும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

சீரியல் எண்களோடு டிசிஆர் சான்றிதழை, பேனல் மாடி ஏறும் முன்பே கையில் வாங்குங்கள். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து ஒவ்வொரு எண்ணையும் ஒத்துப் பாருங்கள். எந்த இடத்தில் போடப் போகிறார்கள் என்பதைச் சாயங்கால வெயிலில் நின்று பார்த்து, வரைபடத்தில் கையெழுத்து வாங்குங்கள். மானியம் நேராக நம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அது வந்து சேரும்வரை ஒரு நல்ல தொகை நம்மிடம் நிற்கும்படி ஒப்பந்தம் போடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. அந்த நிறுவனத்தின் ஆட்கள் இப்போது நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பதாகக் கேள்வி. ‘மின்வெட்டே இல்லை’ என்று போட்ட நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.